எதிர்வீட்டு அத்தைக்குப் புரியவில்லை, கண்ணு

பாலக்கோடு
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேற்குக் கொல்லையில் தக்காளி இரண்டாம் பறிப்பு முடிந்தது, விலை சுமார்தான். ராமநாதபுரம் வெயில் உனக்குப் பழகிவிட்டதா? தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

விவசாயிகள் பரிசோதனைக்கு மண் எடுத்து வர வேண்டும் என்று நீ எழுதி, போனில் அனுப்பிய நோட்டீஸைப் படித்தேன். "மூணு ஊர்ல ஒட்டிட்டேன்மா, ஆனா யாரும் அதுபடி மண்ணு கொண்டு வர்றதில்ல. எழுதியிருக்கறதையே போன் போட்டுக் கேக்கறாங்க. எங்க தப்பு, சொல்லு" என்று கேட்டிருந்தாய். போனிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் நிற்காது என்று தோன்றியது. அதனால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டு அத்தை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து உன் நோட்டீஸை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் பயிர் வைத்த மனுஷி, அவளுக்குத் தெரியாத மண் இல்லை. முடித்ததும், "அத்தை, இப்ப நீ என்ன செய்யணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மண்ணு நல்லதுன்னு சொல்லியிருக்குது" என்றாள்.

நீ தொடக்கத்தில் எழுதியது இதுதான்: "மண்வள மேம்பாட்டின் இன்றியமையாமையைக் கருத்தில் கொண்டு, விவசாயப் பெருமக்கள் தத்தம் நிலங்களில் மண் மாதிரி சேகரிப்புப் பணியினை உரிய வழிமுறைகளின்படி மேற்கொண்டு, ஆய்வு முடிவுகளின் அடிப்படையில் சமச்சீர் உர நிர்வாகத்தினைக் கடைப்பிடித்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் ஒரு பிழைகூட இல்லை, கண்ணு. ஒற்றுகூடச் சரியாக இருக்கிறது. ஆனால் மண்ணை எடு என்று எங்கேயும் இல்லை. "சேகரிப்புப் பணியினை மேற்கொண்டு" என்றுதான் இருக்கிறது. எடு என்ற சின்னச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று பெரிய சொல்லை வைத்திருக்கிறாய். நீ பேசும்போது இப்படிப் பேச மாட்டாய். வயலில் நின்றால், "அண்ணே, இந்தா இப்படிக் குழி வெட்டி, இந்தப் பக்கச் சுவரைச் சுரண்டி எடுங்க" என்று கையால் காட்டிச் சொல்வாய். எழுத உட்கார்ந்ததும் ஏன் வேறு ஆளாகிவிடுகிறாய்? படித்த பிள்ளை எழுதினால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்பு பல வருடம் இருந்தது.

1983-ல் நம் வீட்டு முன்னறையில் கிளைத் தபால் ஆபீஸைத் திறந்தபோது, தபால் முத்திரை குத்துவதும் மணியார்டர் கொடுப்பதும்தான் வேலை என்று நினைத்தேன். உண்மையில் பாதி வேலை கடிதம் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. ஊரில் பாதி ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பெண்கள் இன்லேண்டு லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "எழுதும்மா" என்பார்கள். ஆடு குட்டி போட்டது, மழை இல்லை, மாமனார் சண்டை போட்டது எல்லாம் சொல்லி, கடிதம் மடிக்கும் நேரத்தில்தான், "பையனுக்கு ஒரு வாரமா காய்ச்சல், இருநூறு ரூபா அனுப்பச் சொல்லு" என்பார்கள். ஓரத்தில் நுணுக்கி எழுதுவேன். சில கடிதத்தில் அது பசை தடவும் மடிப்புக்குள் போய்விடும்.

ஒருமுறை ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் வந்து நின்றார். "நீங்க எழுதற லெட்டர மேஸ்திரிதான் படிச்சுக் காட்டுவார். ஷெட்டுல பத்துப் பேரு உக்காந்து கேப்பாங்க" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. படிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் இன்னொருவர், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வேறு என்று நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. மாமனார் சண்டையைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எழுதும் முறையையே மாற்றினேன். பணமோ உடம்போ எதுவாக இருந்தாலும் முதல் வரியில் வைத்தேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டாத அளவுக்கு வாக்கியத்தை வெட்டினேன். நாலு பேர் கேட்கக் கூடாததை, "நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்" என்று விட்டேன்.

உன் நோட்டீஸையும் அப்படித்தான் யாரோ ஒருவர் டீக்கடையில் படித்துக் காட்டுவார். மற்றவர்கள் காதில் வாங்குவார்கள். அதை மனதில் வைத்து எழுது. எழுதி முடித்ததும் நீயே ஒருமுறை சத்தமாகப் படி. எங்கே நாக்கு தட்டுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 25 சொல்லை அடுக்கிவிட்டு அப்புறம் வினையைச் சொன்னால், கேட்பவர் அதுவரை எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். "கொண்டு, செய்து, எடுத்து, அளித்து" என்று ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு புள்ளி வை. புள்ளி வைக்கக் காசு இல்லை.

சுருக்கமாக எழுது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அதிலும் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு பெண் வந்து, "ரேஷன் கார்டுல பேரு சேக்கணும், அவரு கையெழுத்து வேணும், வரச் சொல்லு" என்றாள். அன்று தபால் பை கட்டும் நேரம் நெருங்கிவிட்டது. அவசரத்தில் "உடனே புறப்பட்டு வரவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த மனிதர் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாரக் கூலியைக்கூட வாங்காமல் ராத்திரி பஸ் பிடித்து ஓடி வந்தார். விடியற்காலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து அழுதுகொண்டே நடந்து வந்ததை ஊரே பார்த்தது. என் மூன்று சொல்லால் வந்தது அது. "ரேஷன் கார்டுக்குக் கையெழுத்து வேண்டும், எல்லோரும் நலம், அடுத்த லீவில் வந்தால் போதும்" என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு வரிதானே ஆகியிருக்கும்? தந்தி ஆபீசில் சொல்லுக்குக் காசு. அதனால் தந்தி வந்தாலே பிரித்துப் பார்க்கும் முன் வீட்டில் அழ ஆரம்பிப்பார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனபோது பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு அந்த மனிதர் நடந்து வந்ததுதான் ஞாபகம் வந்தது.

கடிதத்திடம் யாரும் திரும்பக் கேள்வி கேட்க முடியாது, கண்ணு. நீ நேரில் இருந்தால் "எத்தனை மணிக்கு? எங்கே? எவ்வளவு?" என்று கேட்பார்கள், நீ சொல்வாய். காகிதம் மட்டும் போகும்போது அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் பதில் ஏற்கெனவே அதில் இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் நான் செய்வது இதுதான்: அந்த ஆள் என் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அவர் வாயில் என்னென்ன கேள்வி வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வேன். உன்னிடம் போனில் கேட்கிறார்களே, "எங்க கொண்டாரணும், எவ்வளவு மண்ணு, காசு எவ்வளவு" என்று, அந்தக் கேள்விகளைத் தொந்தரவாக நினைக்காதே. அவற்றை ஒரு நோட்டில் குறித்து வை. உன் அடுத்த நோட்டீஸ் அதில்தான் இருக்கிறது.

மனு எழுதியது நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், நீ காபி கொண்டு வந்து கொடுப்பாய். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு தாத்தா நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். யாரோ எழுதிக் கொடுத்தது. அவர் பிறந்தது, கிணறு வெட்டியது, பிள்ளைகள் கைவிட்டது எல்லாம் இருந்தது. உதவித்தொகை என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. மேலே "பொருள்: மனு அளித்தல் தொடர்பாக" என்று போட்டிருந்தது. மனு என்பது கையில் வாங்கும்போதே தெரியுமே! ஒரே நாளில் நூற்றுக்கணக்கான காகிதம் வாங்குகிறவர் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பார்ப்பார். நான் "பொருள்: 7 மாதமாக நின்றுபோன முதியோர் உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல்" என்று மாற்றினேன். கீழே கடைசியாகப் பணம் வந்த மாதம், பாஸ்புக் நகல், எந்தத் தேதியில் எந்த ஆபீசில் ஏற்கெனவே கொடுத்தார் என்பது, அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுதாக வரவில்லை.

தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "என் கஷ்டத்தையெல்லாம் எடுத்துட்டியே தாயி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனுஷன் தன் கஷ்டத்தை யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: "நான் தனியாக இருக்கிறேன், இந்தப் பணத்தில்தான் அரிசி வாங்குகிறேன்." நாலு பக்கத்தில் இருந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். "சொல்லொணாத் துயரம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அரிசி என்றால் தெரியும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நடுகல் ஞாபகம் வரும். நீ ஆறாவது படிக்கும்போது தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேனே, நீ அந்த வீரனின் கையில் இருந்த வில்லையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பக்கத்தில் இருந்த விளக்க அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட வட்டெழுத்து. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தத் தொறுவை மீட்டபோது பட்டான், இது அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். வீரத்தைப் புகழ்ந்து அடுக்கவில்லை. ஆனால் யார், எப்போது, எதற்காக என்று ஒன்றும் விடவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உளியால் பாறையை அடிக்க வேண்டும் என்றால் எதை வெட்டுவோம், எதை விடுவோம் என்று அந்தக் கல் தச்சன் யோசித்திருப்பான். நம் ஊர் ஆட்கள்தான், கண்ணு. தெளிவாக எழுதுவது எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வர வேண்டிய விஷயம் இல்லை.

சரி, உன் நோட்டீசுக்கு வருகிறேன்.

"உரமிட்ட நிலங்களில் மாதிரி சேகரிப்பதைத் தவிர்க்க வேண்டும்" என்பதை எட்டாவது வரியாகக் கடைசியில் போட்டிருக்கிறாய். ஒரு ஆள் முதல் வரியைப் படித்ததுமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நேற்று யூரியா போட்ட வயலிலேயே குழி வெட்டிவிட்டு, அப்புறம் எட்டாவது வரிக்கு வருவார். செய்யக் கூடாததை, அதைச் செய்யும் இடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஏன் என்பதையும் ஒரு வரி சொல். "உரம் போட்ட இடத்தில் எடுத்தால் மண்ணில் சத்து நிறைய இருப்பதாகக் காட்டும், அதை நம்பி உரத்தைக் குறைத்தால் பயிர் காயும்" என்று எழுதினால் யாரும் அங்கே எடுக்க மாட்டார்கள். காரணம் தெரிந்தால் மனுஷன் தானாகவே சரியாகச் செய்வான்.

அப்புறம் "ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம்" என்று இருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் ஹெக்டேரில் யார் நிலம் வைத்திருக்கிறார்கள்? அங்கேயும் ஏக்கர், சென்ட்தானே? ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்றால், ஏக்கருக்கு 5 டன். அதையே எழுது. அந்த ஊர் டிராக்டர் டிப்பரில் ஒரு லோடு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டு, எத்தனை லோடு என்றும் போட்டுவிடு. அந்தக் கணக்கை நீ ஒருத்தி ஒருமுறை போட்டால், முந்நூறு பேர் போட வேண்டாம். 15 செ.மீ., 22 செ.மீ. என்பதையும் அரை அடி, முக்கால் அடி என்று சொல்.

"ஏரி வண்டல்" என்று எழுதியிருக்கிறாய். அது நம் ஊர்ப் பேச்சு. உன்னோடு ஒருமுறை வந்தபோது பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்த அம்மாக்கள் எல்லாம் கண்மாய் என்றுதான் சொன்னார்கள். வண்டலைக் கரம்பை என்றார்கள். நாம் கொல்லை, கழனி என்கிறோம், அவர்கள் என்ன சொல்கிறார்களோ. விழுப்புரத்துப் பக்கம் போய் நிலக்கடலை என்றால் புரியும், ஆனால் மல்லாட்டை என்றால் முகம் மலரும். உன் மேலதிகாரிக்கு எழுதும்போது நிலக்கடலை என்றே எழுது. அதில் தவறு இல்லை. படிப்பவர் மாறினால் சொல்லும் மாறட்டும்.

தேதி விஷயம் ஒன்று. "வரும் வெள்ளிக்கிழமை முகாம்" என்று போட்டிருக்கிறாய். சுவரில் ஒட்டிய காகிதம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். நானும் தபால் ஆபீஸ் கதவில் அப்படி எழுதி ஒட்டியதை நம்பி, ஒரு கிழவி 4 கிலோமீட்டர் நடந்து தப்பான வெள்ளிக்கிழமையில் வந்து நின்றாள். கிழமையும் எழுது, தேதியும் எழுது, மாதமும் எழுது.

"ஏற்பாடு செய்யப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்றும் இருக்கிறது. யார் செய்வார்கள்? நீ செய்வதானால் "நான் வந்து பார்க்கிறேன்" என்று எழுது. அதை எழுதக் கை கூசுகிறது என்றால், ஒருவேளை நீ போவதாக இல்லை என்று பொருள். அப்போது அந்த வரியே வேண்டாம்.

ஒற்றுப் பிழை பார்க்க உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் "கீரை கட்டு" என்றால் வேலை சொல்வது, "கீரைக் கட்டு" என்றால் சந்தையில் வாங்குவது என்று நீதான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து உன் நோட்டீஸை நானே எழுதிப் பார்த்தேன். காலையில் அத்தையிடம் வாசித்தேன். முதல் முறை, "நாலாப் பிரிக்கறதுன்னா எப்படி?" என்று கேட்டாள். அந்த இடத்தை மாற்றினேன். இரண்டாவது முறை கேட்டுவிட்டு அவளே கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். இதோ:

"மண் பரிசோதனைக்கு மண் எடுத்து வாருங்கள். உங்கள் வயலுக்கு எந்த உரம் எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறோம்.

புதிதாக உரம் போட்ட வயலில் எடுக்காதீர்கள், முடிவு தப்பாக வரும். வரப்போரம், மரத்தடி, எரு கொட்டிய இடம் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் ஒதுக்குங்கள். மேலே அகலமாகவும் கீழே கூராகவும் குழி வெட்டுங்கள். நெல்லுக்கு அரை அடி ஆழம், மிளகாய்க்கு முக்கால் அடி. குழியின் பக்கச் சுவரை மேலிருந்து அடிவரை ஒரே கனமாகச் சுரண்டி, பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள்.

எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்புங்கள். நடுவில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நாலு பங்கு வரும். எதிரும் புதிருமான இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீதியைக் கலந்து மறுபடி அதேபோல் செய்யுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்யுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்துங்கள்.

துணிப்பையில் போட்டு, ஒரு சீட்டில் உங்கள் பெயர், ஊர், சர்வே எண், போன பயிர், இனி போடப்போகும் பயிர் எழுதி உள்ளே வையுங்கள்."

கொடுக்க வேண்டிய இடம், தேதி, நேரம், கட்டணம், உன் ஆபீஸ் நம்பர் இவற்றை நீ சேர்த்துக்கொள். தொழுவுரமும் கரம்பையும் இதில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது வேறு விஷயம், வேறு காகிதத்தில் தனியாகப் போடு. ஆழத்தில் நான் தவறு செய்திருந்தால் திருத்து, அது உன் படிப்பு. மிளகாயை அங்கே நாற்றுவிட்டு நடுகிறார்களா, நேரடியாக விதைக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது, அதையும் பார்த்துக்கொள்.

ஒட்டுவதற்கு முன்னால் உன் ஆபீஸ் வாட்ச்மேனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டு. அவருக்கு நிலம் இருக்கிறது என்று சொன்னாயே. "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, புரிந்தது என்றுதான் சொல்வார். "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேள். வயலை அந்தப் பக்கம் என்ன பெயரில் சொல்கிறார்கள் என்று அவரிடம் கேட்டு எனக்கும் எழுது.

கொள்ளும் இந்த வருடத்து ராகியும் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அப்பா பார்சலில் போடுவார்.

அன்புடன்,
அம்மா